நாக்கில் ஒட்டி நிற்கும் பேனா

உங்கள் பேனா கசிகிறது, சார். கட்டைவிரலிலும் நடுவிரலிலும் மை பட்டிருக்கிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிப்பில் கோளாறு இல்லை, மரை தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் தேன்மெழுகு தடவி முறுக்கினால் நின்றுவிடும். கம்பெனிக்காரர்கள் அவசரத்தில் மரை வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். வாங்குகிறவன் தலையெழுத்து.

"மெதுவாச் சொல்லுங்க, நான் எழுதோணுமல்ல" என்றீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது, நீங்கள் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கம். கைதிக்கும் 'ங்க' போடுகிற ஊர். ஸ்டேஷனில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்று உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். நல்லது. மலையாளத்தில் சொல்லியிருந்தால் பாதி விஷயம் எனக்கே சொல்ல வந்திருக்காது.

பெயர் சங்கையா. வயது நாற்பத்தொன்று. ஏலப்பாறைக்கு மேலே மஞ்சக்குழி எஸ்டேட், தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்குப் பேனா. லயத்து வரிசையில் எங்கள் வீட்டு முன்பக்கம், பழைய தையல் மெஷினின் கால்மிதியை வைத்து ஒரு லேத் கட்டியிருக்கிறேன். நேற்று உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்களாம். உளிகளை இடம் மாற்றி வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சுலபமான கட்டையில் பேனா கடைய எனக்குப் பிடிக்காது. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். காட்டெருமைக் கொம்பைக் கடைந்து பாருங்கள், மயிர் கருகுகிற நாற்றம் அடிக்கும், உளி கொஞ்சம் சூடேறினால் கொம்பு ஏடு ஏடாகப் பிரியும். அந்தக் கொம்பு காட்டில் செத்துக் கிடந்த மாட்டினுடையது. வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு கேஸ் எழுதிக்கொள்ளுங்கள். பனை வைரத்தில் நார் உளியைப் பிடித்து இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே தேயிலைத் தூர். ஐம்பது அறுபது வருஷத்துச் செடியைப் பிடுங்கிப் போடுகிறார்களே, அதன் வேர்க்கட்டை. முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும், உள்ளே கல்லை விழுங்கி வைத்திருக்கும். ஒன்று தேற பத்து உடையும். தேறிய ஒன்றைப் பார்த்தால் உடைந்த பத்தும் மறந்துபோகும்.

ஆனால் மரம் மையைக் குடித்துவிடும். கொம்புக்கு அந்தத் தொல்லை கிடையாது, மரத்துக்கு உண்டு. அதனால் உள்பக்கம் பூச்சு வேண்டும். அதற்குத்தான் சேருப்பால். சேரு மரம் தெரியுமல்லவா? வெட்டினால் முதலில் பாலாக வடிந்து, காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். மேலே பட்டால் கொப்பளம் கிளம்பும், சிலபேருக்கு அடியில் நடந்து போனாலே முகம் வீங்கும். எனக்கு ஒன்றும் செய்யாது, பிறவியிலேயே அப்படி. கைக்குத் தேங்காயெண்ணெய்கூடத் தடவாமல் எடுப்பேன். அந்தப் பாலைத் துணியில் வடிகட்டி உள்ளே பூசினால் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மையும் இறங்காது, எறும்பும் தொடாது. ஒரே ஒரு சங்கதி, அது வெயிலில் காயாது. ஈரச் சாக்கில் சுற்றி இருபது நாள் வைத்தால்தான் காயும். காய்ந்த பிறகு குழந்தை வாயில்கூட வைக்கலாம். காயாததைத்தான் தொடக் கூடாது.

அதோ மேசையில் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அதை வெறும் கையால் பிரிக்காதீர்கள். இன்னும் காய்ந்திருக்காது.

இனி ராமுத்தாயைப் பற்றி. என் மனைவி. வயது இருபத்தொன்பது. கழுகுமலைப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. கொழுந்து எடுக்கப் போவாள், திரும்பி வந்தால் என் பக்கத்தில் உட்காருவாள். ஆரம்பத்தில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு சோதிக்க ஆரம்பித்தாள்.

மை ஊற்றும் பேனாவின் உடல் கசியுமா கசியாதா என்று பார்க்க ஒரே வழிதான். திறந்த முனையை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சி, நாக்கு நுனியால் அடைத்து, கையை எடுத்துவிட வேண்டும். பேனா நாக்கில் ஒட்டித் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் விழுந்தால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். என் நாக்குக்கு விழுந்ததா நின்றதா என்பது மட்டும்தான் தெரியும். அவளுக்கு இடமே தெரியும்.

"கழுத்துகிட்ட ஊசிமுனை கணக்கா ஒண்ணு இருக்கு, பாருங்க" என்பாள். பார்த்தால் இருக்கும். ஆச்சரியம்தான்.

"ஊரெல்லாம் சங்கையா பேனாங்காக. என் நாக்கு இல்லாட்டா அது வெறும் புல்லாங்குழலு" என்று கேலி பேசுவாள். எனக்குக் கோபம் வராது. உண்மைதானே.

அவளிடம் இருந்த ஒரே குறை, ஊருக்குப் போக வேண்டும் என்பாள். இங்கே ஆறு மாதம் மழை, மிச்சம் ஆறு மாதம் மூடுபனி. அட்டைக்கடி வேறு. "அங்க வெயிலடிக்கும்ங்க. ஒரு பத்து நா வெயில்ல காஞ்சிட்டு வந்தா போதும் எனக்கு" என்பாள். தலைத் தீபாவளிக்கு இரண்டு பேரும் போனோம். பத்து நாளில் வருகிறேன் என்று தங்கியவள் மூன்று மாதம் இருந்துவிட்டாள். அவள் அண்ணன் அழகுமலைதான் பிடித்து வைத்துக்கொண்டான். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த மூன்று மாதமும் தனியாகச் சோறு பொங்கித் தின்றேன், சார். எனக்கு அப்பனும் கிடையாது, ஆத்தாளும் கிடையாது. லேத்தில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒரு பேனாகூடத் தேறவில்லை. அடுத்த தடவை போனால் வர மாட்டாள் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது. பயம்தான். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டேன். ஃபேக்டரியில் லீவு இல்லை, மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது, இப்படி. எத்தனை வருஷத்துக்குச் சொல்ல முடியும்?

எழுபத்து நாலில் அண்ணன் வீட்டில் காதுகுத்து. போயே தீருவேன் என்று நின்றாள். நானும் சரி என்றுவிட்டேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது சுத்தமான விபத்து. அதை அப்படியே எழுதுங்கள். முந்தின நாள் பூசிய பேனாவைச் சாக்கில் சுற்ற மறந்து ஜன்னலில் வைத்துவிட்டேன். காய்ந்தது என்று நினைத்து எடுத்துச் சோதித்துவிட்டாள். மறுநாள் காலையில் உதடு இரண்டும் வீங்கி, கண் மூடிக்கொண்டது.

பதறிவிட்டேன். பக்கத்து வீட்டு மூக்கம்மாள்தான் தான்றி மரத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். மலையாளத்துக்காரர்கள் தான்னி என்பார்கள். சேரு கோபப்பட்டால் தான்றியிடம்தான் முறையிட வேண்டும். "சேரண்ணன் செஞ்சதைத் தான்றியம்மா பொறுக்கணும்" என்று சொல்லிக்கொண்டு ஒன்பது சுற்று. பிறகு அதன் இலையை வெந்நீரில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் சேரு திரும்பி வரும் என்பார்கள். நான் அவள் கையைப் பிடித்துச் சுற்றிக் கூட்டிவந்தேன். எட்டு நாளில் வடிந்தது. காதுகுத்து முடிந்துவிட்டிருந்தது.

அந்த எட்டு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். கண் திறக்க முடியாததால் நான் எங்கே இருக்கிறேன் என்று கையால் தடவித் தேடுவாள். "இருக்கீகளா?" என்பாள். "இருக்கேன் தாயி" என்பேன். எட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் ஊர்ப் பேச்சே எடுக்காத எட்டு நாள் அதுதான். நான் இத்தனை சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அடுத்த வருஷம், எமர்ஜென்சி வந்த வருஷம், கழுகுமலையில் தைப்பூசத்துக்குப் போவேன் என்றாள். போக வேண்டாம் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். "பூசம் முடிஞ்சதும் வந்திருவேன்ங்க. உங்க லேத்த யாரு தூக்கிட்டுப் போகப்போறா?" என்று சிரித்தாள். லேத்துக்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அதற்கு மேல் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. பேச்சு வராதவன் கையிலிருப்பதைத்தானே எடுப்பான்.

அந்தத் தடவை விபத்து இல்லை. பேனாவின் திறந்த விளிம்பில் மட்டும், கோழியிறகு நுனியால் ஒரு தொடு. அவ்வளவுதான். பேனாவை அவள் கையில் கொடுக்கவில்லை. ஜன்னலில் வைத்தேன், அவளாகவே எடுத்தாள். இதைக் கவனித்து எழுதுங்கள், சார். நான் ஒருபோதும் அவள் வாயில் எதையும் வைத்ததில்லை.

இந்தத் தடவை வீக்கம் சீக்கிரம் வந்தது, அதிகமாகவும் வந்தது. மூக்கம்மாள் வற்புறுத்தி எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு அனுப்பிவைத்தாள். கம்பவுண்டர் வேதமுத்து ஊசி போட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சங்கையா, இவளுக்குச் சேரு ஆகாது. ரெண்டு தடவை ஆயிப்போச்சு. மூணாந்தடவை தொண்டைக்குள்ள இறங்கும். அப்ப ஊசிக்கும் அவகாசம் இருக்காது. அந்தக் கருமத்தை வீட்டுக்கு வெளிய வை" என்றார். அவர் சுபாவமே அப்படி, தும்மினால் நிமோனியா என்று பயமுறுத்துவார். ஆனாலும் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. சாட்சியாக அவரைக் கூப்பிட்டால் அவர் பொய் சொல்ல மாட்டார். நானும் மறுக்க மாட்டேன்.

அந்தத் தடவை பத்து நாள். தைப்பூசம் போயிற்று. மறுபடி கஞ்சி, மறுபடி தலை வாருதல். ஆனால் "இருக்கீகளா" என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டால் வலிக்கிறது என்பாள். குணமான பிறகு கொஞ்ச காலம் பேனாவைச் சோதிப்பதற்கு முன்னால் விளிம்பை மோந்து பார்ப்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். எதற்காக மோந்தாள், எதற்காக விட்டாள் என்று நான் கேட்கவில்லை.

இந்த வருஷம் அழகுமலையிடமிருந்து கடிதம் வந்தது. அவன் பெண்டாட்டிக்கு இது நிறைமாசம். 'வியாழக்கிழமை வருகிறேன், தங்கச்சியை அனுப்பிவையுங்கள் மாப்பிள்ளை, பேறுகாலம் முடிந்து பிள்ளைக்கு ஒரு வயசு ஆகும்வரை இருக்கட்டும்' என்று எழுதியிருந்தான். ஒரு வருஷம். ராமுத்தாய் கடிதத்தை என்னிடம் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். டிரங்குப் பெட்டியைத் துடைத்து, சேலைகளை மடித்து வைத்தாள். பிள்ளைக்கென்று ஒரு கம்பளிக் குல்லா பின்னியிருந்தாள். கரிசல்காட்டு வெயிலில் கம்பளிக் குல்லா எதற்கு என்று கேட்டேன். "அத்தை குடுத்ததுன்னு இருக்கட்டும்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை என் வீட்டில் நான் பார்த்ததில்லை. திரும்பி வரப்போகிறவள் முகம் அப்படி இருக்காது, சார்.

அந்தச் சமயத்தில் எஸ்டேட் மேனேஜருக்கு வழியனுப்பு விழா வந்தது. பரிசாகக் கொடுக்க ஒரு பேனா வேண்டும் என்று ஃபேக்டரியில் சொல்லியிருந்தார்கள். தேயிலைத் தூரில் கடைந்தேன். அறுபத்திரண்டு வருஷத்துச் செடி. பதினாலு கட்டை உடைந்து பதினைந்தாவது தேறியது. உள்பூச்சுப் பூசி, ஈரச் சாக்கில் இருபது நாள் முழுசாகக் காயவைத்தேன். திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தேன், பழுதே இல்லை. நான் செய்ததிலேயே நல்ல பேனா அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அதன் வாய்க்குள் புதுப்பால் விட்டேன். இந்தத் தடவை இறகு இல்லை. போன தடவை பத்து நாள்தான் நின்றது, இப்போது ஒரு வருஷத்தை நிறுத்த வேண்டும். அதனால் துணியில் நனைத்து உள்ளே சுற்றிலும் விட்டேன். கணக்காகச் சொல்வதென்றால் நாலைந்து சொட்டு இருக்கும். விளிம்பை நன்றாகத் துடைத்தேன். மோந்தால் வாடை தெரியாமலிருக்கக் கொஞ்சம் தேன்மெழுகு. பிறகு ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்றைக்கு அவள் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. பெட்டி கட்டியாயிற்று. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்தபோது அவளே சொன்னாள். "மேனேசர் பேனாவ உறிஞ்சிப் பாத்துட்டேன்ங்க. இருபது எண்ணுற வரைக்கும் நின்னுச்சு. நான் போனப்புறம் கசிஞ்சா உங்க பேருல்ல கெட்டுப்போகும்." எனக்காகப் பார்த்திருக்கிறாள். அப்போதே டிஸ்பென்சரிக்கு ஓடியிருக்கலாம். சோறு போடச் சொன்னேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

புதன்கிழமை விடிந்தபோது முகம் தெரியவில்லை. குரல் கட்டியிருந்தது. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். "ஆஸ்பத்திரி" என்று கையால் கீழே காட்டினாள்.

டிஸ்பென்சரி கீழே, கால்மணி நேர நடை. தான்றி மரம் மேலே, ஏலக்காட்டு ஓரத்தில், ஒரு மணி நேர ஏற்றம். இரண்டும் எதிரெதிர்த் திசை. அதை நீங்களே நடந்து பார்த்துக் குறித்திருப்பீர்கள். வேதமுத்துவின் முகத்தில் எப்படி விழிப்பது? கேள்வி கேட்பார். தவிர, முதல் தடவை தான்றிதானே குணமாக்கியது? மூக்கம்மாள் கொழுந்துக்குப் போயிருந்தாள். கேட்க ஆள் இல்லை. நான் ராமுத்தாயைத் தாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். பாதி வழியில் அவள் கீழே பார்த்து நின்றாள். இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அவள் கையில் இருந்த கன்றல் அதனால் வந்தது. நான் அடித்ததில்லை.

மழை பிடித்துக்கொண்டது. முதல் நாலு சுற்று மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அவளாகவே நடந்தாள். அவளுக்குப் பேச்சு வராததால் சேரண்ணன் தான்றியம்மா சொல்வதை நான் சொன்னேன். ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டாள், தூக்கி நிறுத்தினேன். ஆறாவது சுற்று முடியும்போது என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நான் ஊருக்குப் போகல. இனிமே வைக்காதீக."

போகவில்லை என்று அவள் வாயால் கேட்க எட்டு வருஷம் காத்திருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அழுதேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்போதாவது கீழே இறங்கியிருக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். ஆறில் எப்படி விடுவது, சார்? ஒன்று குறைந்தாலே சேரு திரும்பி வரும். மூன்று குறைத்துவிட்டு இறங்கினால் அவள் கதி என்ன ஆகும்?

ஏழாவது சுற்றில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டேன். கனமே இல்லை. எட்டாவதில் அந்த விசில் சத்தம் நின்றது. குணமாகிறது என்று நினைத்தேன். ஒன்பதாவதையும் நிதானமாகச் சுற்றி முடித்தேன். குறை வைக்கவில்லை. இலையும் பறித்துக்கொண்டுதான் இறங்கினேன், வெந்நீருக்கு.

மறுநாள் அழகுமலை வந்தான். கட்டிய பெட்டியையும் கிடத்தியிருந்த தங்கச்சியையும் பார்த்தான். ஜன்னலில் இருந்த பேனாவை எடுத்து மோந்து பார்த்தான். அவள் யாரையாவது எழுதச் சொல்லி அவனுக்கு ஏதாவது அனுப்பியிருப்பாளோ என்னவோ. அதைப் பேப்பரில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். ஆனால் அந்தக் குல்லாவை அவன் எடுத்துப் போகவில்லை. பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. யாராவது அவனிடம் சேர்த்துவிட்டால் நல்லது.

எழுதியாயிற்றா? படிக்க வேண்டாம், உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பால் விட்டது நான். வேதமுத்து சொல்லியும் விட்டேன். மேலே கூட்டிப்போனதும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ஆறாவது சுற்றில் அவள் சொன்னதில் பின்பாதி. எதை வைக்காதீக என்று சொன்னாள் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. மூச்சு முட்டியவள் ஏதோ உளறியிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சார்.